ஒரு மத்தியானக் கனவில் இரண்டு பிழைகள்

1964 பெப்ரவரி 10, திங்கள்
பீக்கிங்

இன்று போர்வை மடிக்கப் படித்தேன். முப்பத்தாறு வயதில், வானொலி நிலையத்தின் கூட்ட மண்டபத்தில், நாற்பது பேர் பார்த்திருக்க.

மத்தியான நித்திரைக்காக நாங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பஞ்சுப் போர்வையை மூலை பிசகாமல் மடித்து, செங்கல் போல அடுக்கி வைக்க வேண்டுமாம். பட்டாளத்தில் அப்படித்தானாம். என்னுடையது அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது. காட்டித் தந்தவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவிழ்த்து, மறுபடி மடித்து, என் கையில் தந்தார். அவர் பெயர் குவோ. போன கிழமைதான் சேனையிலிருந்து எங்களுக்கு அரசியல் பொறுப்பாளராக வந்தார். என்னைவிட இளையவர். இடது காதின் நுனி இல்லை. மலைக் குளிரில் போய்விட்டதாம்.

இந்த மாதம் தொடங்கியதிலிருந்து பத்திரிகை முழுவதும் ஒரே பேச்சு: நாடு முழுவதும் சேனையைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஆலைக்கு ஒரு பழைய சிப்பாய், துணிக்கடைக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர், வெளிநாட்டு மொழிகளில் பேசும் எங்கள் நிலையத்துக்கு ஒருவர். இலங்கையில், எங்கள் பருத்தித்துறையில், பட்டாள லொறி வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். இங்கே கதவைத் திறந்து, கதிரை போட்டு, தேநீர் கொடுக்கிறார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது. தன் கோப்பையைத் தானே கழுவுகிற அதிகாரியை நான் இதற்கு முன் கண்டதில்லை.

எல்லோருக்கும் சிவப்பு அட்டை போட்ட குறிப்பேடு கொடுத்தார்கள். பாலம் உடைந்து இறந்துபோன ஓர் இளம் சிப்பாயின் பெட்டியில் நாட்குறிப்பு ஒன்று கிடைத்ததாம். ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காரியம், யாருக்கும் பெயர் சொல்லாமல் செய்தது, அதில் எழுதியிருந்ததாம். இனி நாமும் அப்படி எழுத வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டாயம் இல்லை. நானே கேட்டு வாங்கினேன். நல்ல தாள், வீணாகப் போகக் கூடாது.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. பெயர் தெரியக் கூடாது என்றால் ஏன் எழுதி வைப்பான்?


பெப்ரவரி 19, புதன்

ஒருவருக்கு ஒருவர் துணை என்று சோடி சேர்த்தார்கள். எனக்கு வெய் சுலான். ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் வாசித்துக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். ஆகவே சுலான், நீ இதை வாசிக்கிறாய். வணக்கம்.

அவளை எனக்கு ஐந்து மாதமாகத் தெரியும். தமிழ்ச் செய்தி வாசிப்பவள், இருபத்துநான்கு வயது. அவளைப் போன்றவர்களின் தமிழைத் திருத்தத்தான் என்னை இங்கே அழைத்தார்கள். நான் வரும்போது அவள் பேசியது கல்வெட்டுத் தமிழ். "தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?" என்று கேட்டாள். இப்போது "சாப்பிட்டிட்டியளோ மாஸ்டர்?" என்கிறாள். மதுரையிலிருந்து ஒரு நேயர், உங்கள் அறிவிப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெண்ணா என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மேசையில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தலைக்கனம்தான், வேறென்ன.

குவோவுக்கும் எனக்கும் நடுவே மொழிபெயர்ப்பதும் அவள்தான். ஆகையால் பொறுப்பாளர் எனக்குச் சொல்வதெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கத்து வடமராட்சிப் பேச்சில் வருகிறது.

அவள் தியாகி குடும்பம். ஒரே தம்பி சுமின், இரண்டு வருடத்துக்கு முன் இந்திய எல்லை மலையில் நடந்த சண்டையில் இறந்தான். பத்தொன்பது வயது. அவன் படைப்பிரிவிலிருந்து கடிதம் வந்தது: துப்பாக்கியைக் கைவிடாமல், எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து விழுந்தான். வீட்டு வாசலில் அரசாங்கம் தந்த சிவப்புத் தகடு இருக்கிறது. தாய் தனியே அந்த வீட்டில். இதையெல்லாம் அவள் செய்தி வாசிக்கிற குரலிலேயே சொன்னாள்.

கீழே சுலான் எழுதியது: மாஸ்டர், கல்வெட்டு என்றால் என்ன? அகராதியில் பார்த்தேன். கோபமாக இருக்கிறேன்.


மார்ச் 5, வியாழன்

நிலையம் முழுவதும் இரகசிய நல்லவர்கள். என் வெந்நீர்க் குடுவையை யாரோ நிரப்பி வைக்கிறார்கள். நான் நிரப்பப் போனால் மற்றவர்கள் குடுவையும் நிறைந்திருக்கிறது. நடைக்கூடத்தைக் கூட்டலாம் என்று இன்று அரை மணி நேரம் முந்தி வந்தேன், அது ஏற்கெனவே கூட்டிக் கிடந்தது. நல்லது செய்யவும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

சுலானின் சைக்கிளுக்கு யாரோ நாள்தோறும் காற்றடித்து வைக்கிறார்களாம். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, கழன்று தொங்கிய மணியையும் முடுக்கியிருக்கிறார்கள்.

கீழே சுலான் எழுதியது: எனக்குத் தெரியும் மாஸ்டர். வெளிநாட்டிலே இருந்து வந்தும் எங்கள் முறையைப் பழகிவிட்டீர்கள். நன்றி. கையிலே எண்ணெய் படாமல் பாருங்கள்.


மார்ச் 6, வெள்ளி

அவளுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள் அல்லவா.

மழை வரும் போல இருக்கிறது.


ஏப்ரல் 24, வெள்ளி

பாப்ளார் மரங்களின் பஞ்சு பறக்கத் தொடங்கிவிட்டது. தெரு, கூரை, தேநீர்க் கோப்பை, எல்லா இடத்திலும் வெள்ளை. மத்தியானம் யன்னல் வழியே மிதந்து வந்து, மேசைகளில் தலை வைத்து உறங்குகிறவர்களின் தலைமுடியில் மெல்ல இறங்கும். அந்த ஒரு மணி நேரம் இந்தக் கட்டடமே தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கும். இருபது மொழிகளில் பேசுகிற வாய்கள் எல்லாம் மூடிக் கிடக்கும். யாராவது நித்திரையில் ஒரு சொல் சொல்வார்கள், எந்த மொழி என்று தெரியாது.

குவோ மட்டும் உறங்குவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். காவலாம். எதிலிருந்து என்று கேட்டேன். சுலான் கேட்டுச் சொன்னாள்: "பழக்கமாம் மாஸ்டர். தான் கண்ணை மூடினா ஆரோ கூப்பிடுகினமாம்."

நானும் உறங்கினேன். கனவில் பருத்தித்துறைக் கடல் மூலை பிசகாமல் மடித்து அலமாரியில் இருந்தது. எடுத்தால் கலைந்துவிடும் என்று எடுக்காமல் நின்றேன்.

சுலானின் குறிப்பேடு எனக்குச் சலிப்பாக இருக்கிறது. தமிழ்ப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அவள் தமிழில் எழுதுகிறாள், நான் சிவப்புப் பென்சிலால் திருத்துகிறேன். "இன்றும் சிப்பாயிடமிருந்து கற்றேன், முன்னேறினேன்" என்று முப்பது நாளும் முப்பது தரம். பிழையே இல்லை, உயிரும் இல்லை. "இது பேப்பரிலையும் இருக்கு. நீ கண்டதை எழுது பிள்ளை," என்றேன். உண்மையாக இருப்பதுதானே அந்தச் சிப்பாய் காட்டிய வழி என்றும் சேர்த்துச் சொன்னேன். பெரிய வாத்தியார்.


மே 12, செவ்வாய்

இன்று அவள் எழுதியதை அப்படியே இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன். இரண்டே இரண்டு சின்னப் பிழைகள். அவற்றைத் திருத்திவிட்டேன்.

"மத்தியானம் மேசையில் உறங்கினேன். தம்பி வந்தான். பஞ்சு பறந்தது, ஆனால் அது பனி. அவன் கையில் துப்பாக்கி இல்லை, தண்ணீர்ப் போத்தல் இருந்தது. துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். அதைப் பிடித்தால் இதைப் பிடிக்க முடியாது அக்கா என்றான். யாருக்குத் தண்ணீர் என்று கேட்டேன். அங்கே ஒருவர் கூப்பிடுகிறார் என்றான். பனியில் ஒருவரும் தெரியவில்லை. போத்தல் நிறைந்திருந்தது. தளும்பாமல் மெதுவாக நடந்தான், சின்ன வயதில் அம்மாவுக்குச் சூப் கொண்டு போவது போல. நான் பின்னால் போனேன். மணி அடித்தது. எழுந்து செய்தி வாசித்தேன்."

நான் சொல்லிக் கொடுத்த தமிழ் இது. எழுந்து இரண்டு தரம் அறைக்குள் நடந்தேன். கீழே "மிக நன்று" என்று எழுதிக் கோடும் போட்டேன்.

கீழே சுலான் எழுதியது: இதை எழுதின பிறகு நெஞ்சிலே பாரம் குறைவாக இருக்கிறது. தமிழிலே எழுதினால் அழுகை வருவதில்லை. ஏன்?


மே 20, புதன்

மாதக் கடைசியில் நிலையத்துக்கெல்லாம் ஒரு கூட்டம். ஒவ்வொரு மொழிப் பிரிவிலிருந்தும் சிறந்த நாட்குறிப்பு ஒன்றை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர் பான் யாரைப் போடலாம் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, மேலிடத்தின் முகக்குறி நன்றாகத் தெரியும். நான் உடனே சுலான் என்றேன். மே 12-ஆம் தேதிக் குறிப்பு என்றும் சொன்னேன்.

பிறகு அவளிடம் சொன்னேன். என்னைப் பார்த்தபடி தன் குறிப்பேட்டை மூடினாள்.

"ஓம் மாஸ்டர்," என்றாள்.

வெட்கம் போலும். சந்தோஷத்தில் பேச்சு வராதவர்களும் உண்டு.


மே 28, வியாழன்

கூட்டம் முடிந்தது.

ஹிந்திப் பிரிவு, பர்மியப் பிரிவு, எல்லோரும் கூட்டியதையும் பெருக்கியதையும் வாசித்தார்கள். எங்கள் முறை வந்தது. நான் தமிழில் ஒவ்வொரு வரியாக வாசிக்க, சுலான் சீனத்தில் சொன்னாள். அவளுடைய கனவை அவளே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. துப்பாக்கி இல்லை என்ற இடத்தில் என் குரலும் கொஞ்சம் இறங்கியது. அவள் நினைத்திருந்தால் சீனத்தில் அந்தக் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. கொடுக்கவில்லை. மண்டபம் போன போக்கிலேயே தெரிந்தது.

கைதட்டல் இல்லை. பான் எழுந்து, தண்ணீர் கேட்ட அந்த ஆள் யார் என்று கேட்டார். கனவிலே தெரியவில்லை என்றாள். அந்த மலையில் நம்மவர் தவிர வேறு யார் இருந்தார்கள், எதிரிதானே என்றார் அவர். ஒரு தியாகியின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்து, எதிரிக்குத் தண்ணீர் சுமக்க வைத்திருக்கிறாய் என்றார். பின்னாலிருந்து இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள்.

குவோ நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சுண்ணாம்பு. கூட்டத்தை முடிக்கிறேன் என்று சொல்லி எழுந்தவர், கதவு இருக்கிற பக்கம் போகாமல் சுவர்ப் பக்கம் நடந்து, திரும்பி வந்து, பிறகுதான் வெளியே போனார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது என் வாயால், ஆனால் அவள். மொழிபெயர்ப்புக் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம், காற்றோட்டம் இல்லாத மண்டபம் வேறு. எதையாவது சொல்லித் தப்பப் பார்க்கிறேன். நான்தான் அவளைக் கேட்காமல் கொடுத்தேன்.


ஜூன் 1, திங்கள்

இன்று செய்தியைச் சுலான் வாசிக்கவில்லை.


ஜூன் 5, வெள்ளி

எங்கள் சோடியைப் பிரித்துவிட்டார்கள். இந்தக் குறிப்பேட்டை இனி யாரும் வாசிக்கப்போவதில்லை.

அவளைப் பத்திரிகை வெட்டி ஒட்டுகிற அறையில் போட்டிருக்கிறார்கள். 16-ஆம் தேதி குழு கூடி முடிவு சொல்லும். தியாகியை இழிவுபடுத்தினாள் என்று முடிவானால் ஒலிவாங்கி போய்விடும், வடக்கே பண்ணைக்கு அனுப்புவார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தேநீர் எடுக்கிற இடத்தில் ஒரு நிமிடம் கதைத்தோம்.

"பண்ணைக்குப் போறது பரவாயில்லை மாஸ்டர். தகட்டைக் கழட்டிப் போடுவினம். அம்மா ஒவ்வொரு நாளும் அதைத் துடைக்கிறவ. அவன்ர முகத்தைத் துடைக்கிற மாதிரி."

அவள் சைக்கிளுக்கு இன்றும் காற்றடித்திருந்ததாம், இதற்கு மேல் வேண்டாம், உங்களுக்கும் கெட்ட பெயர் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காற்றடிப்பது நான் அல்ல என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.


ஜூன் 12, வெள்ளி

இந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். அதற்கு முன் எழுதுகிறேன்.

மத்தியானம். எல்லோரும் உறங்குகிறார்கள். வெளியே சில்வண்டுச் சத்தம். நான் கண்ணை மூடியிருந்தேன். யாரோ அருகில் நிற்பது தெரிந்து திறந்தால், குவோ. காவல் நாற்காலியை விட்டு வந்திருந்தார். என் மேசை அருகே குந்தி உட்கார்ந்து, "நா தோழர்," என்றார். என் பெயர் நமசிவாயம், இவர்களுக்கு முதல் எழுத்துப் போதும். பிறகு பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல, வாயை நன்றாகத் திறந்து ஒரு சொல் சொன்னார்.

"தண்ணி."

இந்த மனிதர் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. தாகமாக்கும் என்று குடுவையிலிருந்து கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதற்குள் விரலைக் காட்டி மறுபடியும் "தண்ணி?" என்றார். ஆம், இதுதான் என்று எனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னேன். அவர் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார்.

பெரிய பேச்சு எனக்குப் புரியாது என்பது அவருக்குத் தெரியும். என் பென்சிலை எடுத்தார். மேசையில் கிடந்த ஒரு வெற்றுத் தாளில் மலைச்சரிவு கீறினார். இந்தப் பக்கம் நாலைந்து புள்ளி, தன்னையும் தொட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் பனியில் படுத்திருக்கிற ஒரு கோடு. அந்தக் கோட்டின் வாயிலிருந்து சின்னச் சின்னக் கீறல்கள். "தண்ணி, தண்ணி, தண்ணி," என்றார். விரலை மடக்கி எண்ணினார், ஒரு பகலும் ஓர் இரவும். பிறகு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு புள்ளி கிளம்பியது. அதற்குத் துப்பாக்கி கீறவில்லை, போத்தல் கீறினார். பக்கத்தில் 19 என்று எழுதினார். சரிவின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பென்சில் முனை உடைந்தது.

சுலான் வீட்டுக்கு வந்த கடிதத்தை யார் எழுதினார்கள் என்று நான் கையால் கேட்டேன். தன் மார்பைத் தொட்டார்.

அந்தத் தாளை எடுத்து, மூலை பிசகாமல் நாலாக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். கோப்பையைக் கழுவி என் மேசையில் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். சைக்கிள் கொட்டகையில் குனிந்து சுலானின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

பட்டாளத்தை விட்டு வரும்போது எங்கே போகிறாய் என்று இவரிடம் கேட்டிருப்பார்கள். இவர் இந்த நிலையத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். சுமினின் அக்கா இங்கே இருக்கிறாள் என்பது ஒரு காரணம். எந்த ஊர்ச் சொல் என்றே தெரியாமல் இரண்டு வருடம் காதில் கிடந்த சொல் மற்றக் காரணம். அந்தச் சொல் எங்கள் பிரிவில் மேசைக்கு மேசை கேட்கிற சொல். வந்த கிழமையே அடையாளம் கண்டிருப்பார். பொருள் கேட்கத்தான் நாலு மாதம் எடுத்திருக்கிறது. நாடு முழுவதும் பட்டாளத்தைப் பார்த்துப் படிக்கிறது, பட்டாளம் யாரைப் பார்த்துப் படிக்கும் என்று ஒருநாள் கேலியாக நினைத்திருந்தேன். இவர் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழி இல்லை. குவோ உண்மையைச் சொன்னால் சுமின் கட்டளை இல்லாமல், ஆயுதம் இல்லாமல், எதிரியிடம் போனவன். தகடு போகும். சொல்லாவிட்டால் சுலான் தம்பியை இழிவுபடுத்தியவள். அப்போதும் தகடு போகும், அவளும் போவாள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை எழுதப்போவதில்லை.


ஜூன் 16, செவ்வாய்

குழு கூடியது. நானும் பேச அனுமதி கேட்டிருந்தேன். தமிழ் தெரிந்த மற்ற இருவரும் ஒலிபரப்பில் இருந்ததால் சுலானே மொழிபெயர்த்தாள். உள்ளே போகுமுன் அவளிடம், நான் சொல்வதை அப்படியே சொல், கூட்டாதே, குறைக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பேசினேன். அவள் இரண்டாவது வாக்கியத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்த்தாள்.

குவோ நிமிரவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

நல்ல வெயில். தர்ப்பூசணி வந்துவிட்டது.


ஜூன் 17, புதன்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை ஹிந்திப் பிரிவு நண்பர் எனக்கு வாசித்துச் சொன்னார்:

மே 28-இல் வாசிக்கப்பட்ட கனவு வெய் சுலான் கண்டதல்ல. தமிழ்ப் பிரிவின் வெளிநாட்டு வல்லுநர் தாமே இயற்றி, மொழிப் பயிற்சிக்காக அவளுக்குச் சொல்வதெழுதலாகக் கொடுத்தது என அவரே ஒப்புக்கொண்டார். அதில் அவர் கைப்படச் சிவப்புத் திருத்தங்களும் "மிக நன்று" என்ற குறிப்பும் உள்ளன. போரை அறியாத ஒருவரின் மென்மையான கற்பனையே இது. வெய் சுலான் மீது குற்றமில்லை. தியாகியின் குடும்பத்துக்கு நிலையம் மரியாதை செலுத்துகிறது. கையொப்பம்: குவோ.

உண்மை பேசப் படிப்பிக்க வந்தவரின் கையெழுத்து. நல்ல அழுத்தமான கையெழுத்து.

பிரிவுத் தலைவர் பான் என் தோளில் தட்டி, எழுத்தாளர் என்று சொல்லவே இல்லையே என்றார்.


ஜூன் 18, வியாழன்

சுலான் இன்று என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"உங்களிட்டை வேற கனவு இல்லையோ மாஸ்டர்?"

நான் சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

"அவன் செத்த பிறகு ஒருக்கால்தான் வந்தவன். அந்த ஒருக்காலையும் நீங்கள் எடுத்துப் போட்டியள். என்ர வாயாலையே எடுத்துப் போட்டியள். இனி அது பயிற்சிக் கட்டுரை. அம்மாவுக்கும் அப்பிடித்தான் சொல்லோணும்."

தகடு இருக்கிறதே என்றேன்.

"இருக்கு. தகடு இருக்கு," என்றாள். போய்விட்டாள்.

அவளுக்கு என்மேல் கோபம் இருக்கட்டும், அது பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பொய். பரவாயில்லை என்று இல்லை. மத்தியானம் முழுக்க உறங்காமல் மேசையில் முகத்தை வைத்துக் கிடந்தேன்.


ஜூன் 19, வெள்ளி

எட்டு மணிச் செய்தி. "வணக்கம் நேயர்களே." சுலானின் குரல். ஒரு தடுமாற்றமும் இல்லை.


ஜூன் 30, செவ்வாய்

என் ஒப்பந்தத்தை இனி நீட்டிக்க மாட்டார்களாம். மரியாதையான கடிதம். ஜூலை 10-இல் கன்டன் வழியாக ரயில், அங்கிருந்து ஹொங்கொங், கப்பல். ஊருக்கு ஒரு பெட்டி புத்தகம், ஒரு பஞ்சுக் கோட்டு. பருத்தித்துறை வெயிலில் அந்தக் கோட்டை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.


ஜூலை 8, புதன்

போகிறவர் தன் குறிப்பேட்டைத் துணையிடம் கடைசி முறை காட்டி, ஒரு வரி எழுதி வாங்க வேண்டும் என்பது முறையாம். பிரித்த சோடிக்கும் அது உண்டோ என்று கேட்டேன். குவோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உண்டு என்றார்.

ஜூன் 12-ஆம் தேதித் தாளைப் பிடித்துக்கொண்டு காலை முழுக்க இருந்தேன். கிழித்தால் அவள் வாழ்நாள் முழுக்க ஒரு கடிதத்தையும் ஒரு பயிற்சிக் கட்டுரையையும் வைத்துக்கொண்டு இருப்பாள். விட்டால் ஓர் ஆளின் இரகசியத்தை இன்னோர் ஆளிடம் கொடுக்கிறேன். கேட்காமல் கொடுத்து ஒரு தரம் பட்டாயிற்று. ஆகவே இந்தத் தரம் கேட்டேன். குவோவிடம் அந்தத் தாளைத் திறந்து, தமிழ் எழுத்துகளுக்கு நடுவே 19 என்று இருந்த இடத்தைக் காட்டி, வாசலுக்கு அப்பால் சுலானின் மேசையைக் காட்டினேன். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். குறிப்பேட்டை மூடி, ஓரங்களைச் சரி பார்த்து, என் கையில் திருப்பித் தந்தார். பிறகு போய்க் காவல் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்து, முதல் தடவையாக மத்தியான வேளையில் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லோரும் உறங்கிய பிறகு குறிப்பேட்டை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சுலான், அந்தத் தாளை வாசித்த பின் நீயே கிழித்துவிடு.


ஜூலை 10, வெள்ளி
ரயிலில்

மேடைக்கு இருவரும் வந்தார்கள். சுலான் ஏட்டைக் காகிதத்தில் சுற்றித் தந்து, ரயில் நகர்ந்த பிறகு பிரிக்கச் சொன்னாள். குவோ தன் பட்டாளத்துப் பச்சைத் தண்ணீர்ப் போத்தலை என் தோளில் மாட்டினார். வெந்நீர் நிறைத்து, சூடு ஆறாமல் துணி சுற்றியிருந்தார். "தண்ணி," என்றார். உச்சரிப்பு நன்றாக வந்துவிட்டது. சுலான் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கேட்டு அவர் பேசிய முதல் தமிழ்ச் சொல் அது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, பெட்டிக்குள் ஏறிவிட்டேன்.

தாளை அவள் கிழிக்கவில்லை. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறாள்.

கீழே சுலான் எழுதியது: மாஸ்டர், வாசித்தேன். இரண்டே இரண்டு பிழைகள். ஒன்று, என் சைக்கிளுக்குக் காற்றடித்தவர் நீங்கள் அல்ல. மார்ச் மாதமே சொல்லியிருக்கலாம். இரண்டு, அந்தக் கனவு உங்களுடையது அல்ல. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் மிக நன்று.

நேற்று மத்தியானம் உறங்கினேன். தம்பி வந்தான். பனி இல்லை. மலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். இந்தத் தரம் மெதுவாக நடக்கவில்லை, கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். போத்தலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை, மாஸ்டர். குடித்துவிட்டார்.